பழம்பொருளும் புதுமனையும்

"வீட்டைக் கட்டிப்பார், கல்யாணத்தைப் பண்ணிப்பார்" என்பது நம் நாட்டுப் பழமொழி. வீடு கட்டுதலின் அருமையை உணர்த்த எழுந்த இம்மொழி, கட்டிய வீட்டினுள் எவற்றை வைப்பது என்பதைக் குறித்து ஒன்றும் கூறவில்லை. முன்னோர்க்கு அஃதொரு வினாவாகத் தோன்றாமையே அதற்குக் காரணமாகும். நெற்குதிரும், பெட்டகமும், ஊஞ்சற் பலகையும், பித்தளைக் குடமும் அவரவர் தொழிலுக்கும் செல்வத்துக்கும் ஏற்ப ஒவ்வொன்றாக வந்து சேர்ந்தன. சேர்ந்தவை தலைமுறை தலைமுறையாய் நின்றன. இக்காலத்திலோ, வீட்டை ஒருவர் கட்டுகின்றார்; அதனை அலங்கரித்துக் கொடுப்பவர் வேறொருவர். மனையலங்காரம் என்பது இன்று தனியொரு தொழிலாகி, அதனால் வாழ்வோரும் பலராயினர்.

இத்தொழிலினருள் ஒரு சாராரைக் குறித்தே நாம் இங்குச் சில கூறக் கருதுகின்றோம். அவர்கள் புதிய மனைகளில் பழைய மரச்சாமான்களையும் உள்நாட்டுச் சித்திரங்களையும் இட்டு நிரப்புகின்றனர். பழைய நிலைக்கதவு உணவு மேசையாகின்றது. கோட்டை நெல் அவித்த அண்டா பூந்தொட்டியாகின்றது. இடிந்த வீட்டின் தேக்கந்தூண் பட்டணத்து மாடிவீட்டின் கூடத்தில் யாதொன்றையும் தாங்காது நிற்கின்றது. இதனைக் கண்டு நகைப்பாரும் உளர். நம் பழங்கலைக்கு மறுவாழ்வு வந்ததென்று மகிழ்வாரும் உளர். இவ்விரு சாராரோடும் நாம் முழுவதும் உடன்படுகின்றோமில்லை. இவ்விஷயம் நம் மாணவர்க்குப் பிறர் காரியமுமன்று. ஏனெனில், தமிழ்நாட்டில் இவ்வகைப் பழம்பொருள்கள் மிகுதியாக வெளிப்படும் ஊற்றுக்கண்களுள் ஒன்று நம் பழைய இராமநாதபுரம் ஜில்லாவேயாகும்.

1910ஆம் ஆண்டில் அமைந்த அந்த ஜில்லா 1985ஆம் ஆண்டில் பிரிக்கப்படும்வரை, காரைக்குடியும் தேவகோட்டையும் அவற்றைச் சூழ்ந்த நகரத்தார் ஊர்களுட் பலவும் இராமநாதபுரத்தைச் சேர்ந்தே இருந்தன. இப்பொழுது அவ்வூர்கள் சிவகங்கை ஜில்லாவில் அடங்கியுள்ளன. பர்மாவிலும் மலேயாவிலும் இலங்கையிலும் வட்டித்தொழில் நடத்திய நகரத்தார், ஈட்டிய பொருளைத் தம் ஊரில் மாளிகைகளாக எழுப்பினர். பர்மாவிலிருந்து தேக்கு வந்தது. இத்தாலியிலிருந்து சலவைக்கல் வந்தது. பெல்ஜியத்திலிருந்து நிலைக்கண்ணாடி வந்தது. நம்மூர்த் தச்சர் அத்தேக்கில் திருமகளையும் அன்னத்தையும் கொடியையும் செதுக்கி நிலைக்கதவு செய்தனர். நம்மூர்க் கொத்தர் சுண்ணாம்பை அரைத்து முட்டையின் வெண்கருவும் கூட்டிப் பளிங்குபோற் சுவர் பூசினர். முகப்பு, வளவு, இரண்டாங்கட்டு, மூன்றாங்கட்டு என ஒரு தெருவில் தொடங்கி மறுதெருவில் முடியும் வீடுகள் அவை.

அச்செல்வத்தின் வேர் கடல்கடந்த நாட்டில் இருந்தமையால், வேர் அறுபட்ட காலத்தே மரமும் வாடிற்று. 1942இல் ஜப்பானியர் பர்மாவினுட் புகுந்தனர். பலர் கையிற் கிடைத்ததோடு ஓடி வந்தனர். பின்னர்ச் சுதந்தர பர்மாவில் நிலமும் வாணிகமும் அரசுடைமையாக்கப்பட்டபோது எஞ்சியதும் போயிற்று. வீடுகள் மட்டும் நின்றன. ஒரு வீட்டுக்குப் பத்துப் பங்காளிகள், இருபது பங்காளிகள் என உரிமை கிளைத்தது. ஓடு மாற்றுதற்கும் ஒருமனப்பட இயலாத நிலை வந்தது. அங்ஙனம் வந்தபின், வீட்டைப் பிரித்து விற்றுப் பங்கிட்டுக் கொள்ளுதலே எளிதாகத் தோன்றிற்று. காரைக்குடியின் பழம்பொருட் கடைத்தெரு வளர்ந்தது இவ்வாறே. நிலை, கதவு, தூண், உத்தரம், நிலைப்பேழை, பீங்கான், வர்ணம் பூசிய இரும்புத் தூக்கு, இரவிவர்மா சித்திரத்தின் அச்சுப்படி, தஞ்சாவூர்ப் படம் என அங்கு விலைக்குக் கிடையாதது அரிது.

"யானை இருந்தாலும் ஆயிரம் பொன், இறந்தாலும் ஆயிரம் பொன்" என்பார்கள். மாளிகைகளின் செய்தியில் இப்பழமொழி ஒரு துன்பமான மெய்யாயிற்று. நிற்கும் வீட்டைக் காத்தற்கு ஆண்டுதோறும் செலவு. விழுந்த வீடோ உடனே பொன். ஆகவே, இறந்த யானைக்கு விலை ஏறுந்தோறும் உயிருள்ள யானைக்கு ஆபத்து மிகும் என்பதை நாம் மறத்தலாகாது. பழம்பொருளை விரும்பும் நல்லுணர்ச்சியே பழைய வீட்டை இடித்தற்குக் கைக்கூலியாகவும் அமைந்துவிடக்கூடும். இதுவே நாம் ஆராய வேண்டிய முட்டுப்பாடு.

இதனைப் பிறர்மேல் வைத்துப் பேசுவதினும் எம்மேல் வைத்துப் பேசுதலே முறை. இராமநாதபுரக் கடற்கரையை அடுத்த சிற்றூரொன்றில் எம் பாட்டியார் வீட்டில் ஒரு பெட்டகம் இருந்தது. மாளிகைப் பொருளன்று, பூவரச மரத்தாற் செய்து பித்தளைப் பட்டம் தைத்தது. வற்றல் மிளகாயும், விதைநெல்லும், ஓலைக்கொட்டானிற் கட்டிய கருப்பட்டியும் அதனுள் இருக்கும். ஒரு மழைக்கால இரவில் மூடியின்மேல் வைத்த அகல் சரிந்து, மரத்தில் உள்ளங்கையளவு கருகிய தழும்பொன்று வீழ்ந்தது. "வீடு தப்பிற்று, பெட்டகம் சூடு வாங்கிக்கொண்டது" என்று பாட்டியார் அதைத் தடவிச் சொல்லுவார். அவர் காலமான சில ஆண்டுகளில், ஊர் ஊராய் வந்த வியாபாரி ஒருவரிடம் அப்பெட்டகத்தைக் கொடுத்து, ஓர் இரும்பு அலமாரிக்கு ஆகும் பணத்தை வாங்கிக்கொண்டோம். எம்மை ஒருவரும் ஏமாற்றவில்லை, வற்புறுத்தவுமில்லை. இடத்தை அடைக்கின்றது என்று நாங்களே கொடுத்தோம்.

பல ஆண்டுகட்குப்பின், சென்னையில் விருந்தினர் தங்கும் இல்லமொன்றிற்குச் சென்றிருந்தோம். கூடத்தின் நடுவே கண்ணாடி பரப்பிய தேநீர் மேசையாக அப்பெட்டகம் இருந்தது. கண்ணாடியின் கீழே அத்தழும்பு தெரிந்தது. மெழுகெண்ணெய் ஏறி, எம் வீட்டில் இருந்த காலத்தினும் அஃது அழகாகவே இருந்தது. அதனை மறைத்தல் கூடாது. "இஃது ஓர் அரண்மனை அந்தப்புரத்து நகைப்பெட்டி" என்று இல்லத்தார் விருந்தினர்க்குக் கூறிக்கொண்டிருந்தார். அவர் பொய் கூறவில்லை. தமக்குக் கூறப்பட்டதைக் கூறினார். உள்ளே என்ன இருக்கின்றது என்று கேட்டோம். திறப்பதேயில்லை என்றார். நாம் ஒன்றும் உரையாது தேநீரைப் பருகி எழுந்தோம். மரம் பிழைத்தது, பாட்டியாரின் சொல் பிழைக்கவில்லை. அதனைக் காத்திருக்க வேண்டியவர் வியாபாரியல்லர், அலங்கரித்தவருமல்லர், நாமேயாவோம்.

இவ்வாறாயின், பழம்பொருளைக்கொண்டு மனையலங்காரம் செய்தல் குற்றமென்பதோ நம் கருத்து? அன்று. இவ்வழக்கம் பரவுமுன், இத்தகைய மரங்களுக்கு நேர்ந்த கதி யாது? வேலைப்பாடுள்ள கதவுகள் அறுவைக்கூடத்துக்குப் போயின, உத்தரங்கள் விறகாயின, பித்தளை எடைக்கு உருகிற்று. வாங்குவார் உளர் என்பதனாலேயே பல பொருள்கள் அடுப்பினின்றும் தப்பின. அதனை நன்றியோடு ஒப்புக்கொள்ளல் வேண்டும். ஆயினும், பொருளை அடுப்பினின்று மீட்பது ஒன்று. வீட்டினின்று பிரிப்பது மற்றொன்று. இரண்டிற்கும் உள்ள வேறுபாட்டை உணர்ந்து நற்றொழில் செய்தோர் நம்மிடையே உளர் என்பதற்குச் சில சான்றுகள் காட்டுவோம்.

சென்னையை அடுத்த முட்டுக்காட்டில் 1996ஆம் ஆண்டு திறக்கப்பட்ட தட்சிணசித்ராவை நம் மாணவருட் பலர் கண்டிருப்பர். 1984இல் சென்னைக் கைவினை அறநிலையத்தை நிறுவிய டெபோரா தியாகராஜன் என்னும் அம்மையார், இடிபட இருந்த வீடுகளை வாங்கிப் பிரித்து, அங்குக் கொணர்ந்து மீண்டும் எழுப்பச் செய்தார். செட்டிநாட்டு வணிகர் வீடொன்றும் அவற்றுள் ஒன்று. அங்கே தூண் தூணாகவே நிற்கின்றது. திண்ணை திண்ணையாகவே இருக்கின்றது. எவ்வூரிலிருந்து வந்ததென்பதும் கூறப்படுகின்றது. வீடு இடம் மாறிற்றேனும் பெயரை இழக்கவில்லை.

இதனினும் மேலானது, வீட்டை அதன் இடத்திலேயே வாழவைத்தல். காரைக்குடியில் மீனாட்சி மெய்யப்பன் அம்மையார் தம் குடும்பத்துப் பழைய பங்களாவைச் செப்பனிட்டு, 'பங்களா' என்னும் பெயராலேயே விருந்தினர் விடுதியாக்கினார். பழைய நாற்காலியும், வாழையிலை விருந்தும், ஊர்ச் சமையற்காரரின் கைப்பக்குவமும் அங்கே பிழைப்புக்கு வழியாயின. கொத்தமங்கலத்தில் சாரதா விலாசம் என்னும் மாளிகையைப் பிரெஞ்சுக் கட்டிடக் கலைஞர் இருவர் பழுது பார்த்து அவ்வாறே விடுதியாக்கினர். பொருளைத் தேடி வீட்டை உடைப்பதற்கு மாறாக, பொருளைக் காண விரும்புவோரை வீடு தேடி வரச்செய்தமையே இவர்கள் செய்த புதுமை. உயிருள்ள யானைக்கும் ஆயிரம் பொன் உண்டு என்று காட்டினார்கள்.

மூன்றாவது சான்று இன்னும் எளியது. ஆனால் மிகப் பெரியது. செட்டிநாட்டுத் திருமணங்களில் சீர் வைத்து வழங்கப்பட்ட பனையோலைக் கொட்டான் முடையும் கலை, நெகிழிப் பெட்டிகள் வந்தபின் மங்கிற்று. விசாலாட்சி இராமசாமி அம்மையார், எம்.ஆர்.எம்.ஆர்.எம். பண்பாட்டு நிறுவனத்தின் வாயிலாக, எஞ்சியிருந்த முதியோரைக்கொண்டு சிற்றூர்ப் பெண்களுக்கு அதனைக் கற்பித்தார். இன்று அக்கொட்டான்கள் புவிசார் குறியீடும் பெற்றுப் பல ஊர் வீடுகளை அலங்கரிக்கின்றன. இங்கே ஒரு வீடும் பிரிக்கப்படவில்லை. விற்கப்பட்டது பழம்பொருளன்று, பழங்கலை. பழம்பொருள் ஒருமுறை விற்றால் தீர்ந்தது. பழங்கலையோ விற்குந்தோறும் வளர்வது. இவ்வொரு வேறுபாட்டை மனையலங்காரம் செய்வோர் நெஞ்சிற் கொள்வாராயின், நம் வழக்கில் பாதி தீர்ந்ததாகும்.

ஆத்தங்குடித் தரைக்கல்லை நோக்குக. கண்ணாடித் தகட்டின்மேல் உலோக அச்சை வைத்து, வர்ணங் கலந்த சிமெண்டுக் குழம்பைக் கண்ணறை தோறும் கையால் வார்க்கின்றனர். அச்சை எடுத்தபின் உலர்ந்த மணற்கலவையைத் தூவி, அதன்மேல் ஈரக்கலவையை இட்டு அழுத்தி நிரப்புகின்றனர். பின்னர் உலரவிட்டு, நீரில் ஊறவைக்கின்றனர். சூளையில் இடுவதில்லை. கண்ணாடியினின்று பிரித்தெடுத்த முகம் கண்ணாடிபோலவே மினுங்குகின்றது. மக்கள் நடக்க நடக்க மெருகேறுகின்றது. நூறாண்டுக்கு முந்திய வீட்டுத் தரையைப் பெயர்த்தெடுக்க ஒருவர்க்கு யாது அவசியம்? அதே தரையை இன்றைக்கும் வார்த்துத் தருவார் ஆத்தங்குடியில் இருக்கின்றனரன்றோ!

நம் கடற்கரைக்கும் இது பொருந்தும். தொண்டி முதல் சாயல்குடிவரை பனைக்குக் குறைவில்லை. ஓலைப்பாயும் பெட்டியும் முடையும் கைகளும் இன்னும் உள. பட்டணத்து அலங்காரக் கடைகளில் வெளிநாட்டுப் புற்பாயைக் காணுங்கால், இக்கைகளை எவரும் அழைத்தாரில்லையே என்று நாம் வருந்துகின்றோம். ஆயினும் ஓர் எச்சரிக்கையும் கூறுதல் வேண்டும். கரையிற் கிடைப்பதெல்லாம் அலங்காரப் பொருளாகாது. மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளும் அவற்றைச் சூழ்ந்த கடலும் 1986 முதல் தேசியப் பூங்காவாகக் காக்கப்படுகின்றன. பவளமும் கடல்விசிறியும் உயிர்கள். அவற்றை எடுத்தலும் விற்றலும் சட்டத்தால் விலக்கப்பட்டவை. உயிரைக் கொன்று ஒரு கண்ணாடிப் பேழையில் வைத்து, அதற்கு உள்ளூர்க்கலை என்று பெயரிடுதல் தகாது.

பிரித்தெடுக்கலாகாதது எது என்பதற்கு நம் ஊரிலேயே சிறந்த பாடமொன்று உண்டு. இராமநாதபுரம் அரண்மனையின் இராமலிங்க விலாசத்துள் நுழைவோர், சேதுபதியின் அரசவையையும், தஞ்சை மராட்டியரோடு நிகழ்ந்த போரையும், ஐரோப்பியரை வரவேற்கும் காட்சியையும் 18ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் தீட்டியவாறே சுவர்களில் காண்கின்றனர். அவை தனித்தனிப் பலகையில் எழுதிய படங்களாயின், இதற்குள் எத்தனை கைகள் மாறியிருக்குமோ! சுவரோடு ஒன்றியிருந்தமையால் ஊரோடு ஒன்றி நின்றன. அரசினரின் தொல்பொருட்டுறை அவ்விடத்தைக் காட்சிச்சாலையாகக் காத்து வருகின்றது. அரசன் அமர்ந்த கூடத்திலேயே அரசனின் படத்தைக் காணுதற்கும், அதனைப் பெயர்த்துப் பிறிதோரிடத்தில் காணுதற்கும் உள்ள வேற்றுமையை, ஒருமுறை அங்குச் சென்று நின்றவர்க்கு நாம் விரித்துரைக்க வேண்டியதில்லை.

இங்கே ஒருவர் நம்மை மறுத்துக் கேட்கலாம்: "வீட்டுக்கூரை ஒழுகுகின்றது, மகளுக்குத் திருமணம், மகனுக்குக் கல்லூரிச் சம்பளம். அவன் தன் கதவை விற்றால், தடுக்க நீவிர் யார்?" இவ்வினா நியாயமானதே. வறுமையுற்றவன் பொருளை விற்பதை நாம் குறைகூறோம். எம் வீட்டார் வறுமையின்றியே விற்றனர் என்பதையும் மறைத்தோமில்லை. சட்டமும் இதனைத் தடுப்பதன்று. 1972ஆம் ஆண்டின் தொல்பொருட் சட்டம், நூறாண்டுக்குக் குறையாத கைவினைப் பொருள்களைத் தனியார் அயல்நாட்டுக்கு அனுப்புதலை விலக்கி, அவற்றை வாணிகம் செய்வோர்க்கு உரிமம் வேண்டுமென விதித்தது. ஆனால் காரைக்குடிக் கதவு சென்னைக்குப் போவதை அச்சட்டம் கேளாது. சட்டம் கேளாத இடத்தில் மனச்சாட்சி கேட்க வேண்டும். அதுவும் விற்பவனையன்று, முதலில் வாங்குபவனைக் கேட்க வேண்டும்.

வாங்குபவர் தம்மைத் தாமே வினவத்தக்கவை மூன்று. இப்பொருள் எந்த ஊரில், எவ்வகை வீட்டில், எதற்குப் பயன்பட்டது? இதற்காக நின்றதொரு வீடு இடிக்கப்பட்டதா, இடிந்த வீட்டினின்று இது மீட்கப்பட்டதா? இத்தகைய பொருளைப் புதிதாகச் செய்யவல்ல கைவினைஞர் இருக்கின்றாராயின், அவரிடம் ஏன் செல்லவில்லை? முதல் வினாவுக்கு விடை தெரியாவிடின் கதை கட்டுதல் வேண்டா. இரண்டாவதற்கு விடை தீதாயின் வாங்குதல் வேண்டா. மூன்றாவதற்கு விடை இல்லையாயின் பழம்பொருளினும் புதுப்பொருளே சிறந்தது.

இலாபத்தொழில் செய்வோர் இங்ஙனம் வினவிக்கொள்வரோ என்று ஐயுறுவார்க்கு ஓர் ஆங்கிலேயரைக் காட்டுவோம். வில்லியம் மாரிஸ் என்பார் கவிஞர். அவரே 1861இல் நண்பர்களோடு கூடி மனையலங்காரத் தொழிற்சாலை நிறுவிய வணிகருமாவார். நாற்காலி, திரைச்சீலை, சுவர்த்தாள், வர்ணக்கண்ணாடிச் சாளரம் ஆகியவை அவர்தம் சரக்குகள். பழைய கோயில்களைப் புதுப்பிக்கின்றோம் என்று கூறி அவற்றைச் சிதைத்தல் மிகுந்ததைக் கண்டு, 1877இல் பழங்கட்டிடப் பாதுகாப்புச் சங்கத்தை அவர் தோற்றுவித்தார். அதோடு நில்லாது, அத்தகைய பழைய கோயில்களுக்கு வர்ணக்கண்ணாடிச் சாளரம் செய்துகொடுத்தலையே நிறுத்திக்கொண்டார். தம் கல்லாவில் ஒரு பங்கைத் தாமே மூடியவர், பிறரை நோக்கிப் பேசத் தகுதியுடையவரானார். அச்சங்கம் இன்றும் இயங்குகின்றது. நம் நாட்டு மனையலங்காரத் தொழிலினரிடம் நாம் எதிர்பார்ப்பதும் இத்தகைய ஒரு துறவேயாகும்.

இனி, நம் மாணவ அன்பர்களுக்கு ஒரு சொல். விடுமுறைக்கு ஊர் செல்லும் நீங்கள் எல்லோரும் மாளிகை வீட்டுப் பிள்ளைகள் அல்லீர். ஆயினும் உங்கள் வீட்டுப் பரணில் உரலோ, உறியோ, மரக்காலோ, தாத்தாவின் சாய்வு நாற்காலியோ ஏதேனும் ஒன்று இருத்தல் கூடும். அதனைக் கீழே இறக்கித் துடைத்துப் பாருங்கள். செய்தவர் யார், எந்த மரம், என்ன விலைக்கு வந்தது, எதற்குப் பயன்பட்டது என்று வீட்டிலுள்ள முதியோரைக் கேட்டு, ஒரு தாளில் எழுதி வையுங்கள். ஆனந்த குமாரசுவாமியார் இலங்கையில் கனிப்பொருள் ஆராய்ச்சிக்காக ஊர் ஊராய்ச் சென்றபோது, வழியிற் கண்ட கைவினைஞரின் தொழில்களையும் குறித்து வந்தார். அக்குறிப்புகளினின்றும் 1908இல் அவர் வெளியிட்ட பெருநூல் பிறந்தது. நீங்கள் பெருநூல் எழுத வேண்டுவதில்லை. ஒரு தாள் போதும். பின்னர் அப்பொருளை விற்க நேரினும், அத்தாளும் உடன் செல்லட்டும்.

எம் பெட்டகத்தோடு அத்தகைய தாளொன்றும் செல்லவில்லை. அதனாலேயே மிளகாய்ப் பெட்டகம் அந்தப்புரத்துக்குக் குடிபோயிற்று. அதனைத் திரும்பப் பெறும் உரிமை எமக்கில்லை, பெற விரும்பவுமில்லை. ஆனால் அதன் மூடியிலுள்ள தழும்பு எவ்வாறு வந்ததென்பதை இங்கே எழுதிவிட்டோம். காலங்கடந்து எழுதிய தாள் இது. நம் மாணவர்கள் காலத்தே எழுதுவார்களாக.